துப்பாக்கிச் சனியன்

வெள்ளவத்தையில் நான்காம் மாடி.
யன்னலைத் திறந்தால் ரயில் பாதை, அதற்கப்பால் கடல்.
உப்புக் காற்று முதலில் தின்றது கதவுப் பிணைச்சலை,
பிறகு காஸ் அடுப்பின் காலை,
பிறகு என் சைக்கிள் பூட்டை.
இந்த வீட்டில் இருந்துகொண்டு
ஊராரின் இரும்பைக் காப்பாற்றுவது என் தொழில்.
சிரிக்கலாம். வாடகைக்குக் காணும்.

துவான் ரிஃபாத் சல்தீன் கொண்டுவந்தது
பழைய பெனியனில் சுற்றிய முழ நீளத் துரு.
கொம்பனித்தெரு வீட்டை இடித்த அன்று
கோழிக்கூட்டின் கீழே அகப்பட்டதாம்.
"ரெஜிமென்டுல இருந்த எங்கட மூத்தவாப்பாட வாப்பாட மிஸ்.
சண்டைக்குப் போன சாமான்.
கண்ணாடி மாதிரி மினுங்கோணும்."

முப்பட்டை. அடியில் குழல்.
வெட்டத் தெரியாது, குத்த மட்டும் தெரியும்.
துப்பாக்கிச் சனியன் என்று இதற்குப் பெயர் வைத்தவன்
சாத்திரம் பார்த்துத்தான் வைத்திருப்பான்.

மினுக்க மாட்டேன் என்றேன்.
கிரைண்டர் இல்லை, அமிலம் இல்லை, தேசிக்காயும் கூடாது.
சிவப்புத் துரு பசியோடு திரிவது, அதை எடுக்கவேண்டும்.
கறுப்புத் துரு தின்று முடித்துப் படுத்தது,
அதை எழுப்பக் கூடாது.

ஒருபக்கம் அடைத்த பிவிசி குழாய்க்குள்
மூன்று நாள் மண்ணெண்ணெயில் கிடந்தது.
காஸ் ஒழுகுதோ என்று
முன்வீட்டு மிஸிஸ் அருளானந்தம் கதவைத் தட்டினா.
பிறகு பழைய ஒரு சதக் குற்றியால் சுரண்டினேன்.
செம்பு இரும்பைவிட மெது:
துருவைக் கிளப்பும், உடம்பைக் கீறாது.
எந்தக் கடையிலும் செல்லாத அந்தச் சதம்
என் மேசையில் இன்னும்
கொஞ்சம் கொஞ்சமாகச் செலவாகிறது.

பாமன்கடைச் சந்தியில் ஒருநாள்
என் பள்ளிக்கூடப் பையைக் கவிழ்த்த சிப்பாய்
கவராயத்தை விரித்து, முனையை விரலால் தொட்டு,
ஏன் இவ்வளவு கூர் என்று கேட்டான்.
வட்டத்துக்குச் சிங்களச் சொல் வாயில் வரவில்லை.
காற்றில் கீறிக் காட்டினேன்.
இப்போது என் அலுமாரியில் ஏழு வாள், இரண்டு குத்துவாள்,
ஒவ்வொன்றுக்கும் ஒப்பமிட்ட கடிதம்.
இரும்பு துருப்பிடித்தால் மருந்து உண்டு.
கடிதங்களை நெகிழியில் போட்டு,
அரிசி வாளிக்குள் வைத்திருக்கிறேன்.

ஐந்தாம் நாள் குழலுக்குள் குச்சி விட்டபோது
வந்தது வெடிமருந்துக் கரி அல்ல.
தும்பு. தேங்காய்த் தும்பு.
அதற்கும் உள்ளே உக்கிய மரம், இரண்டு ஆணி.
முனையிலிருந்து ஒரு சாண் கீழே
பட்டைகள் மழுங்கி வழவழத்திருந்தன,
தேய்வு ஒரு பக்கம் சாய்வு.
உரித்த ஆள் வலக்கைக்காரர்.
சண்டைக்குப் போனதா, தெரியாது.
கட்டையில் அறைந்து, குசினிக்குப் பின்னால்
முனை மேலே பார்க்க நின்றது,
எத்தனையோ ஆயிரம் காய் அதில் திருகப்பட்டது,
இவ்வளவுதான் இரும்பு சொல்கிறது.

மெழுகு பூசமுன் வந்து பார்க்கச் சொன்னேன்.
"அப்ப அலவாங்கா மிஸ்?"
அலவாங்குதான்.
நெடுநேரம் கடலைப் பார்த்தார்.
ஒரு ரயில் போனது, தெகிவளைப் பக்கம்.
"அந்தத் தும்பு?"
எறியவில்லை. யோகட் கோப்பைக்குள் இருந்தது. கொடுத்தேன்.

பிறகு, கையுறையை நீட்டமுன்னமே,
தேய்ந்த இடத்தில் பெருவிரலை வைத்து அழுத்தினார்,
யாரோ வைத்த இடத்தில் வைப்பதுபோல.
வியர்வை உப்பு. மூன்று கிழமையில்
ரேகை ரேகையாய்ச் சிவந்து எழும்.
துடைத்த பிறகே மெழுகு, அதுதான் முறை.
துணி என் கையிலேயே இருந்தது.

அவர் போனபின் மெழுகு பூசினேன்.
உறையில் போடாதீர்கள், மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை பாருங்கள்,
குழலுக்குள் இருந்த நார் உரியவரிடம் ஒப்படைக்கப்பட்டது
என்று கடிதத்தில் எழுதி ஒப்பமிட்டேன்.
பெருவிரலைப் பற்றி
ஒன்றும் எழுதவில்லை.